பதினெட்டு மீட்டர்

கயிறு என் கையில்தான் இருந்தது.
ஓர் இழுப்பு என்றால் நலம். இரண்டு, தளர்த்து.
மூன்று, தூக்கு.
அன்று ஆறு முறை மூன்று வந்தது.
ஆறு முறையும் தூக்கினேன்
கிணற்று வாளியைத் தூக்குகிற வேகத்தில்.

பீடோருக்கு மேற்கே, செம்பனைக்கு நடுவில்
ஈயம் தோண்டி விட்டுப்போன குட்டை.
தூண்டில் போட வருகிறவர்கள் ஏரி என்பார்கள்.
அடியில் வோங் தவுக்கேயின் பெக்கோ
கரை சரிந்து கவிழ்ந்து கிடந்தது
ஒற்றைக் கையை உயர்த்தியபடி.
அந்தக் கையில் சங்கிலி மாட்ட
செழியனுக்கு முந்நூறு வெள்ளி. எனக்கு எண்பது.

இருபத்தாறு மீட்டர். தே தாரிக் நிறத் தண்ணீர்.
தன் விரல் தனக்கே தெரியாது என்பான்.
தடவித் தடவி வாளியைக் கண்டுபிடித்தான்,
கொக்கி வழுக்கியது,
மறுபடி இறங்கினான், கொக்கி வழுக்கியது.
நடுவில் கரையேறி ஒரு நாசி லெமாக் பொட்டலம்,
பாதி சிகரெட்.
நான் நோட்டில் கோடு போட்டேன்.
ஐந்தாவதைக் குறுக்கே அடித்தேன், குலை எண்ணுகிற மாதிரி.
ஆறாவதைத் தனியாகப் போட்டபோது
போதும் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது.

ஐந்து மணிக்குத் தோள் வலி என்றான்.
சுளுக்கு என்று கோடாலித் தைலம் தேய்த்துவிட்டேன்.
ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஏற முடியவில்லை.
ஏழுக்கு, செருப்பு கழன்று விழுந்ததை
கால் அவனிடம் சொல்லவில்லை.
மூத்திரம் வரலடா என்றான், சிரித்துக்கொண்டே.
அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வியர்த்தது.

கிளினிக்கில் ரோஸ்னா இரவுப் பணி.
சோடா போத்தலைப் பட்டென்று திறந்தால் என்ன ஆகும், கேட்டாள்.
அதுதான் இவர் முதுகுத்தண்டில்.
இருந்த ஒரே ஆக்சிஜன் உருளையை
அவன் முகத்தில் கட்டிவிட்டுப் போனை எடுத்தாள்.
தாப்பா. ஈப்போ. மறுபடி ஈப்போ.
ஒருவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்,
ஒருவர் காத்திருக்கச் சொல்லி இசையைப் போட்டார்.
அழுத்த அறை லூமுட்டில், கடற்படையிடம்.
நாளை பெருநாள், ஆளைக் கூப்பிட்டுத்தான் திறக்க வேண்டும்.
ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்தோடு போயிருந்தது.
போனை வைத்தாள்.
உன் வேனில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது?

கடலுக்கு அடியில் வேலை செய்கிறவர்களுக்குக் கட்டிய அறை.
அலைச் சத்தம் கேட்காத ஊரிலிருந்து
அதைத் தேடிப் போனோம், நூறு கிலோமீட்டருக்கு மேல்.
தெலுக் இந்தானைத் தாண்டியும்
வழியெல்லாம் பெருநாள் விளக்கு,
பலகாரப் பெட்டிகளோடு வீடு திரும்பும் காடிகள்.
பின்னால் காலி டாங்கிகள் உருண்டன.
ரோஸ்னா போனின் வெளிச்சத்தில்
உருளையின் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.
சித்தியவான் சிக்னலில் அது சிவப்பைத் தொட்டது.
பச்சை விழுவதற்கு நான் காத்திருக்கவில்லை.

இரும்புப் பீப்பாய். அதில் ஒரு வட்டக் கண்ணாடி.
பெருநாள் சட்டையோடு வந்த அஸ்மி
திருகைத் திறந்து காற்றை ஏற்றினார்.
பதினெட்டு மீட்டர் என்றார் முள்ளைக் காட்டி.
தண்ணீரே இல்லாமல் அவனை மறுபடி இறக்கிவிட்டு
நான் ஒரே மூச்சில் தூக்கிய தூரத்தை
ஐந்து மணி நேரம் தூக்கினார்கள்.
வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில்
என் கை எதையோ இறுகப் பிடித்திருந்தது.
பார்த்தேன், ரோஸ்னாவின் பை வார்.

வலது கால் திரும்பியது.
இடது, தரையைக் கேட்டுக் கேட்டு நடக்கிறது.
அவன் என் ஆள் இல்லை,
மீன் பிடிக்க வந்தவன் என்கிறார் தவுக்கே.
சொக்சோ கவுண்டரில் என் நோட்டைக் காட்டினேன்.
ஆறு கோடுகள். அதில் முத்திரை இல்லை என்றார்கள்.

பெக்கோ இன்னும் கீழேதான் கிடக்கிறது.
போன வாரம் காம்பாரிலிருந்து ஒருவன் கூப்பிட்டான்,
கயிறு பிடிக்க ஆள் வேண்டுமாம், நூற்றிருபது வெள்ளி.
ஆக்சிஜன் எத்தனை உருளை வைத்திருக்கிறாய் என்றேன்.
எந்த ஆக்சிஜன் என்றான்.